குளவியை எண்ணாதீர்கள், பெண் குளவியை எண்ணுங்கள்

கேத்தி, கோத்தகிரிப் பக்கம் கோஸ் போடுகிறவர்களுக்கு, புழுவாக இருக்கும்போது கோஸ் இலையைத் தின்னும் வைரமுதுகுப் பூச்சி என்ற அந்துப்பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் டையடெக்மா என்ற சின்னக் குளவிக்கு நீலகிரிக் குளிர் ஒத்துப்போகிறது. சமவெளி வெயில் ஆகாது. அதை வளர்த்துத் தோட்டத்தில் விடுகிறவர்கள் மொத்தம் எத்தனை என்றே பார்க்கிறார்கள். புழுவைத் தேடிக் குத்துவது பெண் மட்டும்தான்.

ஆண் பாதி, பெண் பாதி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இந்த இனத்தில் கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண். இணை சேராத பெண்ணும் முட்டையிடும். பிறப்பதெல்லாம் ஆணாக இருக்கும். ஆகவே கூட்டிலிருந்து வந்த உடனே பெட்டியைத் திறந்துவிட வேண்டாம். தேன் தொட்ட பஞ்சு வைத்து, ஆணையும் பெண்ணையும் ஓரிரு நாள் சேர்த்து வையுங்கள். ஆண்கள் பொதுவாக முந்திக்கொண்டு வெளிவரும், அதைப் பார்த்து "எல்லாம் ஆண்" என்று பதறவும் வேண்டாம். வாலில் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் பெண்.

பெரிய தவறு, ஒரே தாய் வழியிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது. டையடெக்மாவில் பாலினத்தை முடிவு செய்யும் மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வெவ்வேறு வடிவில் வந்தால்தான் பெண். நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ந்தால் ஒரே வடிவம் இரண்டு பக்கமும் வந்துவிடும்; கருவுற்ற முட்டையும் ஆணாகிப் போகும். பெட்டி நிறையக் குளவி இருக்கும், தோட்டத்தில் புழு குறையாது. பழியைப் பனி மேல் போடுவார்கள்! அவ்வப்போது வேறு வேறு தோட்டத்துக் கூடுகளைக் கொண்டுவந்து கலந்தாலே போதும்.

இதை எல்லாக் குளவிக்கும் பொது விதியாக்கிவிடக் கூடாது. அத்திப்பழக் குளவிகள் பழத்துக்குள்ளேயே உடன்பிறந்தவற்றோடு இணை சேர்ந்து, பெண்ணையே அதிகம் பெற்று நன்றாக வாழ்கின்றன. அதன் கணக்கை உயிரியலாளர் ஹாமில்டன் 1967-இல் விளக்கினார். பூச்சி முட்டைகளுக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா குளவியின் சில வகைகளிலோ வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தொற்றினால் ஆணே இல்லாமல் பெண்ணாகவே பிறக்கும்.

அப்புறம், இலையடியில் வலைக்கூட்டைக் கண்டதும் நசுக்காதீர்கள். மெல்லிய வலை வழியே பச்சைக் கூட்டுப்புழு தெரிந்தால் அது அந்துப்பூச்சி. உள்ளே இன்னொரு தடித்த உறை அடைத்துக்கொண்டிருந்தால் குளவி. மருந்தடிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்து வளர்ந்த குளவியைக் கொல்லாதுதான், ஆனால் புழு செத்தால் உள்ளே வளரும் குளவியும் அதோடு போய்விடும்.