மைக்ரோகண்ட்ரோலரில் ஆர்டிஓஎஸ் வேண்டுமா? முதலில் நேரத்தை அளந்து பாருங்கள்

ஆர்டிஓஎஸ் என்பது பல வேலைகளை முன்னுரிமைப்படி மாற்றி மாற்றி ஓட்டும் நிகழ்நேர இயங்குதளம். அது வேண்டுமா என்பதை வேலைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து வேலைக்கு, எல்லாவற்றையும் வரிசையாகத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரே லூப் போதுமானதாக இருக்கலாம். மூன்றே வேலைக்கு ஆர்டிஓஎஸ் தேவைப்படலாம். பார்க்க வேண்டியது, நறுக்க முடியாத நீண்ட வேலை ஏதாவது உண்டா என்பதைத்தான்.

குளிர்பதனக் கிடங்குக்கான வெப்பநிலைப் பதிவுக் கருவியை எடுத்துக்கொள்வோம். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலைச் சென்சாரைப் படிக்க வேண்டும். எஸ்டி கார்டில் எழுத வேண்டும். ஆர்எஸ்-485 கம்பி இணைப்பு வழியே வரும் மோட்பஸ் (கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) கேள்விக்கு 100 மில்லிசெகண்டுக்குள் பதில் தர வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்றை எழுதுங்கள்: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் பிடிக்கும், எவ்வளவு தாமதம் தாங்கும். நடுவில் உள்ளதை, அதாவது பிடிக்கும் நேரத்தை, ஊகிக்க வேண்டாம். வேலை தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி, முடிந்ததும் தாழ்த்தி, பின் உயர்ந்து தாழும் நேரத்தைப் பதியும் லாஜிக் அனலைசரில் பாருங்கள். சராசரி உதவாது, மிக மோசமான நேரம் வேண்டும். அதனால் பல மணி நேரம் ஓட விடுங்கள்.

டிஎஸ்18பி20 12 பிட்டில் அளக்க 750 மில்லிசெகண்ட் வரை எடுக்கும். அது வெறும் காத்திருப்பு. அளக்கச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, லூப்பை ஓட விட்டுப் பிறகு வந்து படிக்கலாம். கடந்த நேரத்தைக் குறியில்லா 32 பிட் எண்ணில் ‘இப்போது கழித்தல் தொடக்கம்’ என்றே கணக்கிடுங்கள். ‘தொடக்கம் கூட்டல் 750’ என்று ஒப்பிட்டால், மில்லிசெகண்ட் எண்ணி 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பும்போது கருவி தடுமாறும்.

எஸ்டி கார்டுதான் சிக்கல். எழுதும்போது 250 மில்லிசெகண்ட் வரைகூட பிஸியாக இருக்கலாம்; பல லைப்ரரிகள் அதுவரை லூப்பை நிறுத்திவிடும். இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து உடனே ஓடும் சிறு நிரல்) மோட்பஸ் பைட்டுகளை வாங்கி வைத்தாலும் பதில் சொல்ல ஆளிருக்காது. லைப்ரரியைப் பிரித்து எழுத நேரமில்லை என்றால் இங்கே ஆர்டிஓஎஸ் போடுவது நியாயம். ஆர்டிஓஎஸ்ஸில் ஒவ்வொரு வேலையும் தனி டாஸ்க். மோட்பஸ் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை, கார்டுக்குக் கடைசி.

அடுத்து நினைவகம். ஏடிமெகா328பி சிப்பில் ராம் 2 கேபி. கார்டின் பஃபரே 512 பைட் தின்றுவிடும். டாஸ்க்குக்கு ஒரு ஸ்டாக் (அதன் தற்காலிகத் தரவுக்கான தனி நினைவகம்) தர இடமேது? சிப்பை மாற்றுங்கள். எஸ்டிஎம்32எஃப்103சி8-இன் 20 கேபி போதும். ஈஎஸ்பி32-ல் கேள்வியே எழாது, அதன் ஈஎஸ்பி-ஐடிஎஃப் என்ற மென்பொருள் தொகுப்பு ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்டிஓஎஸ் மீதுதான் நிற்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்டாக் அளவு 256 என்றால் எஸ்டிஎம்32-ல் 256 வேர்டு, அதாவது 1024 பைட், ஈஎஸ்பி-ஐடிஎஃப்பில் வெறும் 256 பைட். நிரலை அப்படியே இடம் மாற்றினால் ஸ்டாக் வழிந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழை காட்டும்.

ஆர்டிஓஎஸ் வந்ததும் புதுத் தவறுகளும் வரும். மியூட்டெக்ஸ் என்பது பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டுமே தொட விடும் பூட்டு. கார்டு டாஸ்க் எழுதி முடிக்கும்வரை அதைப் பிடித்திருந்தால், அதே தரவுக்காக மோட்பஸும் காத்திருக்கும். பழைய 250 மில்லிசெகண்ட் அப்படியே திரும்பிவிடும். தரவை நகலெடுத்து, மியூட்டெக்ஸை விட்டுவிட்டு எழுதுங்கள். மியூட்டெக்ஸுக்குப் பதிலாக, அதைப் போன்ற பைனரி செமஃபோர் வேண்டாம். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அதற்கு முன்னுரிமை இரவல், அதாவது பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்குக் காத்திருப்பவரின் உயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது, கிடையாது.

சென்சாரிடமும் கவனம் தேவை. ஒரு பிட்டைப் படிக்க 15 மைக்ரோசெகண்டுதான் அவகாசம். நடுவில் வேறு டாஸ்க் புகுந்தால் பிட் கெடும். அந்த ஒரு பிட்டுக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்திவையுங்கள். 9600 பாட் வேகத்தில் ஒரு பைட் வரவே ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆவதால் மோட்பஸ் எதையும் இழக்காது. சிஆர்சி (தரவு பிழையின்றி வந்ததா என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாத அளவீட்டைக் கார்டில் எழுதாமல் மறுபடி படியுங்கள்.