பொழிச்சலூரில் மாடி கட்டியபோது உயரச் சிக்கல் தீர்ந்த விதம்

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மாடி எடுக்க விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதில் வரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கு. மனையின் தரைமட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் கட்டக்கூடியது. எங்கள் மேஸ்திரியோ தரையிலிருந்தே அதை அளந்து வைத்திருந்தார். சர்வேயரைக் கூப்பிட்டு மட்டம் எடுத்தோம். மொட்டை மாடி தப்பித்தது. படிக்கட்டு அறைக்கு மேல் வைக்கவிருந்த தண்ணீர்த் தொட்டி மாட்டியது. தொட்டி, ஆன்டெனா, இடிதாங்கி எல்லாமே அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். சரி என்று தொட்டியைத் தளத்துக்கே இறக்கி, அழுத்தத்துக்கு ஒரு சின்ன பம்ப் போட்டேன். செலவு கூடியது, பரவாயில்லை. தலைக்கு மேல் போகிற விமானத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் கிரகப்பிரவேசத்துக்கு ட்ரோன் படம் எடுக்கலாம் என்றார் வீடியோக்காரர். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு மண்டலம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எங்கள் தெருவைக் காட்டியதும் வீடியோக்காரத் தம்பி ட்ரோனைப் பெட்டியில் வைத்துவிட்டார். எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படமே நன்றாக வந்தது.