எழுத உட்காரும் முன் ஒரு துண்டுச்சீட்டு

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. பிள்ளைகள் தூங்கியபின் கதை எழுத உட்கார்ந்தால் தண்ணி பில், தீர்ந்துபோன கேஸ், அம்மாவின் கிளினிக் தேதி எல்லாம் வரிசைகட்டி வரும். இப்போது முதலில் அவற்றை நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடுகிறேன். வெறுமனே ‘கேஸ்’ என்று எழுதினால் போதாது. ‘வெள்ளி காலை, பசியாறியதும், மூலைக் கடை’ என்று நேரமும் இடமும் வேண்டும். அப்போதுதான் மனசு அதை விடும். முடிக்காத வேலையே அதிகம் நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927இலேயே எழுதினார்.

சரி, அதையே கதைக்கும் பயன்படுத்தலாம். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் படுங்கள். மறுநாள் மங்கு கழுவும்போது மீதி பெரும்பாலும் தானாக வந்துவிடும். கைப்பேசியில் மட்டும் குறிக்காதீர்கள், வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும்.