மேக்ரோ போட்டு டேட்டா டைப் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் புதிதாக ஒரு டேட்டா டைப் வேண்டுமென்றால் டெஃப்ஸ்ட்ரக்ட் இருக்கிறது, டெஃப்கிளாஸ் இருக்கிறது. இரண்டுமே மேக்ரோக்கள்தான், அதாவது ஓடுவதற்கு முன் வேறு நிரலாக விரியும் வடிவங்கள். அதனால் அவற்றுக்கு மேல் நம் வசதிக்கு இன்னொரு மேக்ரோ எழுதிக்கொள்ள ஆசை வருவது இயல்பு. முதலில் டெஃப்ஸ்ட்ரக்ட்டின் ஆப்ஷன்களைப் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்லாட்டின் (டைப்பின் ஒரு புலத்தின்) மதிப்பை எடுக்கும் ஆக்ஸசர் பெயரின் முன்னொட்டை மாற்றுவது, புது ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு வேறு பெயர் வைப்பது, இன்னொரு ஸ்ட்ரக்ட்டின் ஸ்லாட்களைச் சேர்த்துக்கொள்வது எல்லாம் அதிலேயே உண்டு.

சரி, அப்படியும் மேக்ரோ தேவைதான் என்றால், ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது ஓடப்போவது எப்போது? மேக்ரோ விரியும்போதா, விரிந்து வந்த நிரல் ஓடும்போதா?

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. டைப்பின் பெயரையும் அதன் ஸ்லாட்களையும் ஒரு ஹாஷ் டேபிளில் குறித்து வைக்க நினைக்கிறோம். அந்த வேலையை, மேக்ரோவை வரையறுக்கும் டெஃப்மேக்ரோவின் உடலிலேயே, பேக்கோட்டுக்கு (விரிந்து வரப்போகும் நிரலின் வார்ப்புக்கு) வெளியே, எழுதிவிடுகிறோம். ரெப்பிளில் (வரியைத் தட்டியதும் உடனே ஓடவிடும் இடத்தில்) முயன்றால் பிரமாதமாக வேலை செய்யும். கோப்பை கம்பைல் செய்து, லிஸ்ப்பை மூடித் திறந்து, கம்பைல் ஆன கோப்பை லோட் செய்தால் டேபிள் காலி! மேக்ரோ விரிந்தது கம்பைல் நேரத்தில். டேபிள் நிரம்பியதும் அந்தப் பழைய ப்ராசஸில்தான். குறித்து வைக்கும் வரி, விரிந்து வரும் நிரலின் பகுதியாக இருக்க வேண்டும். அதே கோப்பில் பின்னால் வரும் இன்னொரு மேக்ரோவும் அந்த டேபிளைப் பார்க்கப் போகிறது என்றால், அந்த வரியை ஈவல்-வென் (எந்தெந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் வடிவம்) போட்டு கம்பைல் நேரத்திலும் ஓடவையுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மேக்ரோ விரியும்போது கூப்பிடும் உதவி ஃபங்ஷனை அதே கோப்பில் சாதாரண டிஃபனாக (ஃபங்ஷன் வரையறையாக) எழுதுவது. கோப்பை கம்பைல் செய்யும்போது டிஃபன் மொழிபெயர்க்கப்படுமே தவிர, அப்போதே கூப்பிடும் நிலைக்கு வந்துவிடும் என்ற உத்தரவாதம் இல்லை. ஈவல்-வென்னில் கம்பைல்-டாப்லெவல், லோட்-டாப்லெவல், எக்ஸிக்யூட் மூன்றையும் கொடுங்கள், அல்லது உதவி ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் வைத்து முதலில் லோட் செய்யுங்கள். பெரிய ப்ராஜெக்ட்டுக்கு இரண்டாவது வழிதான் சுத்தம்.

அப்புறம் பெயர்கள். பாயின்ட் என்ற பெயரிலிருந்து மேக்-பாயின்ட் என்ற சிம்பலை (லிஸ்ப் நிரலில் பெயராக வருவது) உருவாக்க, ஸ்ட்ரிங் தயாரிக்கும் ஃபார்மட்டில் சிறிய எழுத்தில் 'மேக்-' என்று எழுதி இன்டர்ன் செய்கிறார்கள், அதாவது அந்த ஸ்ட்ரிங்கை சிம்பலாக்குகிறார்கள். நிரலைப் படிக்கும் ரீடர் வழக்கமாக எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடும். இன்டர்ன் அப்படிச் செய்யாது. விளைவு, பாதி சிறிய எழுத்தும் பாதி பெரிய எழுத்துமாக, யாரும் சாதாரணமாகக் கூப்பிட முடியாத ஒரு சிம்பல். முன்னொட்டைப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டும் போதாது. பிரின்ட்-கேஸ் வேரியபிளை யாராவது மாற்றியிருந்தால் ஃபார்மட் சிம்பலையே சிறிய எழுத்தில் கொடுக்கும். சிம்பல்-நேம் தரும் ஸ்ட்ரிங்கை எடுத்து ஒட்டுவதே பத்திரம். ஒட்டுவதை மேக்ரோ விரியும்போதே முடித்துவிடுங்கள். ஓடும் நேரத்தில் இன்டர்ன் செய்தால் அப்போது எந்த பேக்கேஜ் (சிம்பல்களின் தொகுப்பு) நடப்பில் இருக்கிறதோ அதில் போய் விழும்.

லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ராக்கெட் மொழியில் பிரச்சினை வேறு மாதிரி. மேக்ரோ தானாகச் சேர்க்கும் பெயர் ஹைஜீன் (மேக்ரோவின் பெயர்களும் பயனரின் பெயர்களும் கலக்காமல் பிரித்து வைக்கும் முறை) காரணமாக வெளியே தெரியாது. பயனர் கொடுத்த பெயரின் சூழலை எடுத்துத்தான் புதுப் பெயரைச் செய்ய வேண்டும். 2013இல் வந்த ஆர்7ஆர்எஸ் ஸ்கீமில் (அதே குடும்பத்து ஸ்கீம் மொழியின் ஒரு தரம்) இந்தத் தொல்லையே இல்லை. அங்கே டைப்பை வரையறுக்கும் டிஃபைன்-ரெக்கார்ட்-டைப்புக்கு எல்லாப் பெயர்களையும் நாமே எழுதித் தருகிறோம். கொஞ்சம் சலிப்பான வேலை, ஆனால் தேடினால் கிடைக்கும் பெயர்கள்.

'பி' என்ற பெயரில் ஸ்லாட் வைக்காதீர்கள். பாயின்ட்டின் ஆக்ஸசரும் டைப்பைச் சோதிக்கும் ப்ரெடிகேட்டும் இரண்டும் பாயின்ட்-பி ஆகி மோதிக்கொள்ளும். விரிந்து வரும் டெஃப்ஸ்ட்ரக்ட்டை லெட்டுக்குள் (உள் வேரியபிள்களைத் தரும் வடிவத்துக்குள்) வைக்க வேண்டாம். அது டாப்லெவல் தகுதியை (கோப்பின் மேல்மட்டத்தில் இருக்கும் நிலையை) இழக்கும், அதே கோப்பின் மற்ற பகுதிகளை மொழிபெயர்க்கும்போது கம்பைலருக்கு அந்த டைப் தெரியாமல் போகலாம். பல வடிவங்களைச் சேர்த்துத் தர ப்ரோக்ன் போதும்.

இருக்கும் டைப்களிலிருந்து புது டைப் பெயர் வைக்கும் டெஃப்டைப் தன்னையே கூப்பிடக் கூடாது. 'எண்களின் லிஸ்ட்' என்பதைத் தன்னைத்தானே சுட்டும் விதத்தில் எழுதினால் விரிவு முடியவே முடியாது. ஒரு ஃபங்ஷனால் மதிப்பைச் சோதிக்கும் சாட்டிஸ்ஃபைஸ் வைத்துத் தப்பிக்கலாம். ஆனால் அதற்கு உலகளாவிய ஃபங்ஷனின் பெயர்தான் வேண்டும், பெயரில்லாத ஃபங்ஷனான லாம்டா கொடுக்க முடியாது. ஸ்லாட்டுக்கு டைப் எழுதிவிட்டதாலேயே தவறான மதிப்பு தடுக்கப்படும் என்றும் நம்ப வேண்டாம். சோதிப்பதும் சோதிக்காமல் விடுவதும் கம்பைலரையும் சேஃப்டி அளவையும் பொறுத்தது. கட்டாயம் வேண்டுமென்றால் கன்ஸ்ட்ரக்டரில் டைப்பைச் சோதிக்கும் செக்-டைப் போடுங்கள்.

வடிவம் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும் டைப்பை உங்கள் மேக்ரோ டெஃப்ஸ்ட்ரக்ட்டாக விரிக்கக் கூடாது. ஸ்லாட்களை மாற்றி மறுபடி வரையறுத்தால் என்ன நடக்கும் என்பதை காமன் லிஸ்ப்பின் 1994 ஆன்சி தரம் சொல்லாமல் விட்டிருக்கிறது. எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப் கம்பைலர் எரர் காட்டி நிறுத்தும். டெஃப்கிளாஸ் என்றால் பழைய ஆப்ஜெக்ட்களும் புது வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். வடிவம் நிலைத்து, வேகமும் தேவைப்பட்டால் அப்போது மேக்ரோவின் உள்ளே மட்டும் டெஃப்ஸ்ட்ரக்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.