கருப்பைக்குள் இருந்தும் இடம் தவறிய கர்ப்பம்: கண்டறிந்து கையாளும் முறை

எக்டோபிக் (இடம் தவறிய) கர்ப்பங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவை கருக்குழாயில் உண்டாவதால், குழாயில் எதுவும் தென்படாதபோது மருத்துவர் நிம்மதியடைந்துவிடுகிறார். ஆனால் பழைய சிசேரியன் தழும்பிலோ, கருப்பை வாயிலோ, கருக்குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்துச் செல்லும் பகுதியிலோ கரு ஒட்டியிருந்தால், ஸ்கேன் அறிக்கை அதைக் "கருப்பைக்குள் உள்ளது" என்று எழுதிவிடக்கூடும். அந்த ஒரு வரியை நம்பிச் சுரண்டல் (கருப்பையின் உட்பகுதியைச் சுரண்டி எடுத்தல்) செய்யப்போய்க் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கில் முடிவதுண்டு.

மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, இரத்த அழுத்தச் சரிவு ஆகியவை இருந்தால் மேற்கொண்டு ஆராயாமல் அறுவை அரங்குக்கே கொண்டு செல்ல வேண்டும். நிலை சீராக இருந்தால் யோனிவழி ஸ்கேனில் முதலில் கருப்பையை நெடுக்குவெட்டில் பார்க்க வேண்டும். உட்குழியும் வாய்ப்பாதையும் வெறுமையாக இருக்க, கரு முன்சுவரின் கீழ்ப்பகுதியில், சிறுநீர்ப்பைக்கு நெருக்கமாக மெல்லிய தசைக்குப் பின்னால் கிடந்தால் அது தழும்புக் கர்ப்பம். வாய்ப்பகுதியில் கரு தெரியும்போது ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்திப் பார்க்கலாம்: கலைந்து வெளியேறிக்கொண்டிருக்கும் கரு வழுக்கி நகரும், அங்கேயே வேர்கொண்ட கரு நகராது, டாப்ளரில் அதைச் சுற்றி இரத்த ஓட்டமும் தெரியும். கரு கருப்பையின் மூலையில் ஒதுங்கி, சுற்றியுள்ள தசை 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் குழாய் துளைக்கும் பகுதியை ஐயுற வேண்டும்.

இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. மில்லிலிட்டருக்கு 3,500 மில்லி யூனிட்டைத் தாண்டியும் கருப்பைக்குள் கரு தெரியாதது எச்சரிக்கைதான், எனினும் ஒரே அளவை வைத்து முடிவெடுக்காமல் 48 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பதே முறை.

தழும்புக் கர்ப்பத்தில் கண்மூடித்தனமான சுரண்டல் கூடவே கூடாது; தசைவழி மெத்தோட்ரெக்சேட் (கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மருந்து) ஊசி மட்டும் போதுமென்று விட்டுவிடுவதும் சரியல்ல. ஸ்கேன் பார்த்தபடியே உறிஞ்சி எடுப்பது, அறுவையில் அகற்றுவது, கருவினுள் நேரடியாக மருந்து செலுத்துவது ஆகியவற்றுள் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து, இரத்தத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். குழாய்க் கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பதானால் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதித்து, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கிட்டு, 4-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையே எச்.சி.ஜி. குறைந்தது 15 சதவீதம் இறங்கியதா என்று பார்க்க வேண்டும். அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தச் சொல்வது பலருக்கும் மறந்துபோகிறது.

செயற்கைக் கருத்தரிப்புக்குப் பின் கருப்பையில் ஒன்றும் குழாயில் ஒன்றுமாக இரு கருக்கள் இருந்தால், எச்.சி.ஜி. அளவு வழிகாட்டாது, உள்ளிருக்கும் கரு உயிரோடிருக்க மெத்தோட்ரெக்சேட் தரவும் முடியாது, லேப்பராஸ்கோப்பியில் (நுண்துளை அறுவையில்) குழாயை அகற்றுவதே வழக்கம். தாய் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் கருவின் இரத்தத்துக்கு எதிரான பொருள் அவர் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசி தேவையா என்பதையும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும்.