நிழலை 12 மணிக்கு அளக்காதீர்கள்

கோலாலம்பூரில் பிள்ளைகளுக்குப் பூமியின் சுழற்சியை நிழல் வைத்துக் காட்டுவதென்றால், 12 மணி வெயிலில் நிற்க வேண்டாம். 12.45க்குத் தொடங்கி 1.30 வரை பாருங்கள். நிழல் மிகக் குட்டையாவது ஏறக்குறைய 1.15க்குத்தான். களிமண் உருண்டையில் செங்குத்தாக நட்ட ஒரு பென்சில் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். புள்ளிகள் கிழக்கே நகர்வதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம்! மிகக் குட்டையான நிழல் அப்படியே வடக்கு தெற்குக் கோடு.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். நம் கடிகாரம் காட்டுவது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். தீபகற்ப மலேசியா இதற்கு மாறியது 1982 தொடக்கத்தில். கோலாலம்பூரோ 102 பாகையை ஒட்டி இருக்கிறது. 18 பாகை வித்தியாசம் என்றால் 72 நிமிடத் தாமதம். பினாங்கில் இன்னும் ஐந்தாறு நிமிடம் கூடும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் பாதை நீள்வட்டம் என்பதாலும் ஆண்டுக்குள் இது கால் மணி வரை முன்பின் ஆகும்.

மார்ச் 28, செப்டம்பர் 15 நாட்களை ஒட்டி கோலாலம்பூரில் இந்த முறையில் திசை கிடைக்காது. சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் பென்சிலுக்கு நிழலே இருக்காது.