மாட்டு ஊசியும் மேய்ச்சல் நாயும்

செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய நம் ஊர்களுக்கு ஜெர்மன் ஷெப்பர்ட் புதிதல்ல. அல்சேஷன் என்றால் தாத்தாமார்களுக்கும் தெரியும். இப்போது போர்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் குட்டிகளும் வருகின்றன. எல்லாமே மந்தை மேய்க்க வளர்த்தெடுத்த இனங்கள். தண்ணீர் வைக்க மறப்பது, தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது எல்லா நாய்க்கும் பொதுவான தவறு, அதை விடுவோம். மேய்ச்சல் நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

மோட்டாரைத் துரத்துவதை வெறி என்று நினைப்பது

ஜெர்மன் ஷெப்பர்டின் பழைய வேலை, வேலியில்லாத வயலோரம் நாள் முழுக்க நடந்து ஆடுகள் பயிரில் இறங்காமல் காப்பது. போர்டர் கோலி பதுங்கி, முறைத்தே ஆட்டைத் திருப்பும். ஆடு இல்லாவிட்டாலும் அந்தக் குணம் இருக்கும். வேலியோரம் புல் தேய்ந்த தடம், ஓடும் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுவது, விடியலில் வேலைக்குப் போகும் மோட்டாரை விரட்டுவது எல்லாம் அதன் வேலைதான். இது விரட்டுகிறது, மோட்டார் போய்விடுகிறது. நாய்க்கு அது வெற்றி. நாளைக்கும் செய்யும்.

அடித்தால் மாறாது. நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, மோட்டார் தூரத்தில் தெரியும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்த கணமே ஒரு துண்டு கோழிக்கறி. பல நாள் தொடர்ந்து செய்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குக் குரைப்பும் சுற்றலும்தான் கூடும்.

வெயிலுக்கு மொட்டையடிப்பது

வேண்டாம். உதிரும் உள்முடியைச் சீவி எடுத்தால் போதும்.

குட்டியை மோட்டாரோடு ஓடவிடுவது

ஒன்றரை வயது வரை எலும்பு முற்றாது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு ஏற்கெனவே பலவீனமான இடம்.

மாட்டு ஊசி

இத்தனை பேர் சொல்லியும் நிற்காத தவறு இது. கொட்டகையில் மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துப் பாட்டில் பாதி மிச்சமிருக்கும். நாயின் காதுக்குள் உண்ணி. “மாட்டுக்கே ஒன்னும் ஆகல தம்பி, ஒரு எம்எல் போட்டு விடு” என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். போட்டுவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதவீத மருந்தில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம். 25 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 400 மைக்ரோகிராம். இதயப்புழு வராமல் தடுக்க மாதாமாதம் கொடுக்கும் அளவோ கிலோவுக்கு வெறும் 6; இந்தப் பாட்டிலில் 0.015 மில்லி. அண்ணனின் சிரிஞ்சால் அதை அளக்கவே முடியாது.

மூளைக்குள் புகும் மருந்தை வெளியே தள்ள உடம்பில் ஒரு பம்பு உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவின் பெயர் எம்டிஆர்1. மேய்ச்சல் இனங்கள் பலவற்றில் இது பழுதாக இருக்கும்: கோலி என்ற தனி இனத்தில் பத்துக்கு ஏழு, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஏறக்குறைய பாதி, ஜெர்மன் ஷெப்பர்டில் பத்துக்கு ஒன்று. போர்டர் கோலியில் இன்னும் குறைவு. பார்த்தால் தெரியாது, கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்துச் செய்யும் சோதனையில்தான் தெரியும். பம்பு பழுதான நாய்க்குக் கிலோவுக்கு நூற்றுச் சொச்சம் மைக்ரோகிராமே ஆபத்து. சில மணி நேரத்தில் எச்சில் வழியும், கண்மணி விரியும், நாய் சுவரில் முட்டும், கால் தள்ளாடும், பிறகு எழாது. இதற்கு முறிவு மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, மூச்சைக் காத்து, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பம்பு நன்றாக உள்ள நாய்க்கும் வேறு ஆபத்து உண்டு. ரத்தத்தில் இதயப்புழுவின் குஞ்சுகள் நிறைந்திருந்தால், அவை ஒரே நேரத்தில் செத்து நாய் அதிர்ச்சியில் விழலாம். எரிச்சல் என்னவென்றால், இத்தனைக்கும் ஐவர்மெக்டின் உண்ணிக்குச் சரியான மருந்தே அல்ல.

உண்ணிக்கு ஃப்ளுரலானர் மாத்திரை மூன்று மாதம் தாங்கும். அஃபோக்ஸோலானர் மாதம் ஒன்று. நாயை எடை போட்டு, அந்த எடைக்குரிய மாத்திரையை வாங்குங்கள். முன்பு வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாயுண்ணி பெரும்பாலான நாளை நாயின்மேல் அல்ல, சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் கழிக்கிறது. அங்கேயும் மருந்தடிக்காவிட்டால் திரும்ப வரும். சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தம் சோதித்து, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை வழக்கமாக 28 நாள் முழுதும் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் நாய் துள்ளியதும் நிறுத்துகிறவர்களே அதிகம்.

ஊசி போட்ட மாட்டின் சாணத்திலும் மருந்து வெளியேறும். மேய்ச்சல் நாய்க்குச் சாணம் பலகாரம் மாதிரி, ஆகவே அந்த வாரங்களில் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.

எலி மருந்து வைத்த தோட்டத்தில் அவிழ்த்துவிடுவது

அதைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருக்கும். பிறகு உள்ளே ரத்தம் கசியும்.

எலி மருந்தைத் தின்றதாகச் சந்தேகம் வந்தாலோ, மாட்டு ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று என்றாலோ, அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். மருந்து உள்ளே போன நேரம், எவ்வளவு, நாயின் எடை மூன்றையும் தாளில் எழுதி, பாட்டிலையோ மருந்துப் பொட்டலத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.